திரும்பி வரும் சூடு

விறகு எரிவதில்லை. கேட்டால் வம்புப் பேச்சாகத் தோன்றும். ஆனால் நெருப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய பெரும்பாலான விஷயங்கள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. அடுப்பில் ஒரு விறகை வைத்து, அது பற்றிக்கொண்டதும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சுவாலை மரத்தோடு ஒட்டி நிற்பதில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கிறது. விறகின் வெட்டுமுனையிலிருந்தும் வெடிப்புகளிலிருந்தும் புகை சீறி வருகிறது. அந்தப் புகை காற்றோடு கலக்கிற இடத்தில்தான் மஞ்சள் சுவாலை ஆடுகிறது. எரிவது அந்தப் புகைதான். மரம் அதைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

விறகு சூடேறும்போது முதலில் வெளியேறுவது ஈரம். பச்சை விறகின் முனையில் நுரை தள்ளிக்கொண்டு சத்தம் வருவது இந்தக் கட்டத்தில்தான். ஈரம் போகும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். கிடைக்கிற வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். 200 டிகிரியைத் தாண்டியதும் மரத்தில் இருக்கும் செல்லுலோஸ் முதலான பெரிய மூலக்கூறுகள் உடையத் தொடங்குகின்றன. 300 டிகிரியை நெருங்கும்போது உடைவது வேகம் பிடிக்கிறது. எரியக்கூடிய வாயுக்களும் நுண்ணிய தார்த் துளிகளும் புகையாகக் கிளம்புகின்றன. எல்லாம் வெளியேறிய பின் மிஞ்சுவது கரி. கரி ஆவியாவதில்லை, அதனால் ஆக்ஸிஜன்தான் அதன் மேற்பரப்பைத் தேடி வரவேண்டும். தணல் சுவாலையில்லாமல் சிவந்து கனல்வது இதனால்தான். சில சமயம் தணல்மேல் சன்னமான நீலச் சுவாலை ஒன்று ஓடும். அது கரியிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்ஸைடு எரிவது. ஆக, ஒரே அடுப்பில் இரண்டு விதமான எரிதல் நடக்கிறது: வாயு எரிவது சுவாலை, திடப்பொருள் எரிவது கனல். அணைக்கும் வேலைக்கு வரும்போது இந்த வேறுபாடு உயிர் காக்கும் வேறுபாடாகிவிடும்.

எரிவது ஆவிதான் என்பதை ஒரு மெழுகுவர்த்தியை வைத்து ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். நன்றாக எரிந்துகொண்டிருக்கும் வர்த்தியை மெதுவாக ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளைப் புகை ஒரு கோடாக எழும். அது மெழுகின் ஆவி குளிர்ந்து உண்டான நுண்துளிகள். எரியும் தீக்குச்சியைத் திரியில் படாமல், ஓர் அங்குலம் மேலே அந்தப் புகைக்கோட்டில் காட்டுங்கள். சுவாலை புகை வழியே கீழே குதித்துத் திரியைப் பற்றிக்கொள்ளும். காற்றாடாத அறையாக இருந்தால் எத்தனை முறை செய்தாலும் பலிக்கும். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கி, ஒற்றை மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு சிறுவர் சிறுமியருக்கு ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அதில் இந்தச் சோதனையும் உண்டு. புத்தகங்களுக்கு அட்டை கட்டும் கடையில் வேலை கற்ற பையனாக இருந்து, கட்டவந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானியானவர் அவர். குழந்தைகளுக்குச் சொல்வதற்கு மெழுகுவர்த்தியைவிட நல்ல வாசல் இயற்பியலுக்கு இல்லை என்று அவர் நம்பியது முற்றிலும் சரி.

பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் உள்ள ஆபத்து வித்தியாசமும் ஆவியில்தான் இருக்கிறது. பெட்ரோல் சுழியத்துக்கும் 40 டிகிரி கீழே இருக்கும்போதே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 40 டிகிரி சூடாவது வேண்டும். அதனால்தான் அரிக்கேன் விளக்குக்குத் திரி தேவைப்பட்டது. திரி கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை மேலே இழுத்துச் சுவாலையின் சூட்டில் ஆவியாக்கித் தருகிறது. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவி, நாலு அடி தள்ளி எரியும் விளக்கைத் தொட்டு, வந்த வழியே தீயைக் கேனுக்குக் கொண்டுவந்துவிடும். பைக்கிலிருந்து பெட்ரோல் இறக்கும்போது பக்கத்தில் விளக்கு இல்லை என்று பார்ப்பது போதாது. அதே தரையில் எங்கும் இருக்கக் கூடாது.

சுவாலையின் மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது? ஆவி முழுதாக எரியக் காற்று போதாதபோது கார்பன் பொடிப்பொடியாகப் பிரிந்து, சூட்டில் பழுத்து ஒளிவிடுகிறது. அதுதான் மஞ்சள். அது எரிந்து தீராமல் குளிர்ந்தால் கரிப்புகை. கேஸ் அடுப்பில் வாயுவும் காற்றும் முன்கூட்டியே கலந்துவிடுவதால் சுவாலை நீலமாக இருக்கிறது. பால் பொங்கி வழிந்து பர்னரின் துளைகள் அடைத்துக்கொண்டால் அந்தப் பக்கம் மட்டும் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கறுக்கும். சுவாலை மேல்நோக்கிக் கூம்பாக நிற்பதுகூடச் சூடான காற்று இலேசாகி மேலே ஏறுவதால்தான். எடையில்லாத விண்வெளியில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். அங்கே சுடர் மங்கலான நீல உருண்டையாக நிற்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். விறகு வாயுவைக் கொடுக்க வேண்டுமென்றால் அதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைக் கொடுப்பது, ஏற்கெனவே வெளிவந்த வாயு எரிந்து உண்டான சுவாலை. உண்டாகும் வெப்பத்தில் பெரும்பகுதி மேலே போய்விடுகிறது. சிறு பங்கு மட்டும் கதிர்வீச்சாகவும் தொடுதலாகவும் விறகுக்கே திரும்பி வருகிறது. திரும்பி வருகிற இந்தச் சிறு பங்குதான் அடுத்த நொடிக்கான எரிபொருளைத் தயார் செய்கிறது. அது போதுமான அளவு வரும்வரை தீ எரியும். வருவது கூடினால் தீ வளரும், குறைந்தால் தீ சாகும்.

ஒற்றை விறகு ஏன் எரியாது என்பதற்கும் இதுவே பதில். நன்றாகப் பற்றிய மூன்று விறகுகளில் ஒன்றை மட்டும் உருவித் தனியாகத் தரையில் போட்டால், கொஞ்ச நேரம் சுவாலை விட்டுப் பின் வெறும் புகையாகி, அணைந்துவிடும். சேர்ந்திருக்கும்போது ஒரு விறகு வீசும் வெப்பம் எதிரே இருக்கும் விறகில் விழுகிறது. அதன் வெப்பம் இதன்மேல் விழுகிறது. தனியே போட்டதும் வீசிய வெப்பமெல்லாம் நாலாபக்கமும் போய்த் திரும்பாமல் தொலைகிறது. சமையல் முடிந்ததும் கொள்ளியை வெளியே இழுத்துப் பிரித்துப்போடும் பெண்கள் இந்த இயற்பியலைத் தினமும் கையாண்டவர்கள். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்ற பழமொழியும் அந்த அடுப்படியில் பிறந்ததுதான்.

பள்ளிப் பாடநூல்களில் நெருப்பை ஒரு முக்கோணமாக வரைகிறார்கள்: எரிபொருள், ஆக்ஸிஜன், வெப்பம். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் தீ அணையும். தவறில்லை. ஆனால் அந்தப் படம் பாதிதான் சொல்கிறது என்பது என் எண்ணம். முக்கோணத்தின் கோடுகள் அசையாமல் நிற்கின்றன. நெருப்போ ஒரு சுற்று. சுவாலையிலிருந்து எரிபொருளுக்குத் திரும்பி வரும் அம்புக்குறி ஒன்று அந்தப் படத்தில் இருந்திருந்தால், தீ எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பது மாணவர்களுக்குப் பார்த்தவுடன் பிடிபட்டிருக்கும்.

அந்த வேகம் எப்படிப்பட்டது என்பதைத் தமிழ்நாடு 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பார்த்தது. அங்கே ஒரு பள்ளியின் சமையல் இடத்தில் தொடங்கிய தீ, மாடியில் வகுப்பறைகளுக்கு மேலிருந்த தென்னங்கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். தென்னங்கீற்று ஏன் அப்படி எரிகிறது? ஒரு மரக்கட்டையின் உட்பகுதி வரை சூடேற நேரம் பிடிக்கும். கீற்று ஓலையோ காகிதக் கனம்தான், உலர்ந்தது. தொட்ட நொடியில் அதன் முழுத் தடிப்பும் சூடாகிவிடும். அடுக்கடுக்காகக் கட்டியிருப்பதால் ஒவ்வோர் ஓலையைச் சுற்றியும் காற்று இருக்கிறது. ஓர் அடுக்கு வீசும் வெப்பம் அடுத்த அடுக்கில் விழுகிறது. சரிவாக இருப்பதால் கீழே எரியும்போதே சுடுகாற்று மேல் ஓலைகளைத் தயார் செய்துவிடுகிறது. மூங்கிலும் கயிறும் எரிந்ததும் கூரை முழுவதுமாகக் கீழே இறங்குகிறது. இத்தனையும் தெரிந்த விஷயங்கள். குழந்தைகளின் தலைக்கு மேல் அப்படி ஒரு கூரையைப் போட எவருக்கும் மனம் வந்திருக்கக் கூடாது.

உடுத்திய துணியில் தீப்பிடித்தால் நடப்பதும் இதே கணக்குதான். நிற்கும் ஒருவரின் புடவைத் தலைப்பிலோ பாவாடை ஓரத்திலோ பற்றிய தீ, தனக்கு மேலே உள்ள துணியைச் சூடாக்கிக்கொண்டே ஏறும். ஓடினால் இன்னும் மோசம். உடனே தரையில் படுத்துவிட வேண்டும். படுத்த கணமே தீ ஏறுவதற்கு மேலே துணியில்லை, முகத்துக்கும் நெருப்பு போகாது. உருண்டால் காற்றும் அடைபடும். கனமான பருத்திப் போர்வையோ கம்பளியோ போர்த்தலாம். அணைந்ததும் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடமாவது காயத்தின்மேல் விட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மூடிய அறைக்குள் இந்தச் சுற்றுக்கு இன்னொரு துணை கிடைக்கிறது: கூரைத்தளம். ஒரு மூலையில் சோபா எரியத் தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். புகை மேலே போய்த் தளத்தடியில் தங்கித் தடித்துக்கொண்டே கீழே இறங்கும். அந்தப் புகைப்படலம் 500, 600 டிகிரியை எட்டும்போது, அது கீழே வீசும் வெப்பத்தில் அறையிலுள்ள மேசை, திரைச்சீலை, தரைவிரிப்பு எல்லாமே ஒரே நேரத்தில் வாயுவை விடத் தொடங்கும். அடுத்த சில நொடிகளில் அறை முழுவதும் தீ. தீயணைப்பு வீரர்கள் மிகவும் அஞ்சும் கணம் இது. இன்றைய வீடுகளில் இருக்கும் ஃபோம் மெத்தைகளும் பிளாஸ்டிக் சாமான்களும் பழைய மரச் சாமான்களைவிட வேகமாக வெப்பத்தைக் கொட்டுவதால், சில நிமிடங்களில் இந்தக் கட்டம் வந்துவிடும். அதற்கு முன்பே ஆளைக் கொல்வது புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. தீவிபத்துகளில் பலர் உடலில் நெருப்பே படாமல் இறப்பது இதனால்தான். தரையை ஒட்டித் தவழ்ந்து வெளியேறுங்கள், வரும்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுவே. ஒரு சாதாரண மரக்கதவு புகையையும் காற்றையும் பல நிமிடங்கள் தடுத்து நிறுத்தும்.

காற்று என்றதும் ஒரு கேள்வி. ஊதுகுழலால் ஊதினால் அடுப்பு பற்றுகிறது. அதே வாயால் ஊதினால் அகல்விளக்கு அணைகிறது. ஏன்? எரிதல் என்பது ஆக்ஸிஜனோடு சேருவதுதான் என்று 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லவாய்சியர் நிறுவினார். அப்படியானால் ஊதுவது இரண்டுக்கும் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? தணலில் எரிபொருள் கரி. ஊதினால் அது பறந்துபோகாது. அதைச் சுற்றித் தேங்கிய கார்பன் டை ஆக்ஸைடு விலகிப் புது ஆக்ஸிஜன் வருகிறது, தணல் பழுக்கிறது, அந்தச் சூட்டில் பக்கத்துச் சுள்ளி வாயுவை விட்டுப் பற்றுகிறது. விளக்கிலோ எரிபொருள் ஓர் ஆவி. ஊதும் காற்று அந்த ஆவியை எரிவதற்கு முன்பே திரியைவிட்டுத் தள்ளிக்கொண்டு போகிறது. சுவாலையும் திரியும் பிரிந்த கணத்தில் திரும்பி வரும் சூடு அறுந்துவிடுகிறது. திரி குளிர்ந்துபோகும்.

காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். அது ஏறக்குறைய 15 சதவீதமாகக் குறைந்தாலே பெரும்பாலான சுவாலைகள் அணைந்துவிடும். கனல் அப்படியல்ல. மிகக் குறைந்த ஆக்ஸிஜனிலும் அது உள்ளுக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும். தீப்பெட்டி வாங்குவதே செலவாக இருந்த காலத்தில் இரவு அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவைப்பார்கள். சாம்பல் சூட்டை வெளியே விடாது. காற்றைக் கொஞ்சமாக மட்டும் உள்ளே விடும். காலையில் சாம்பலை விலக்கி, வைக்கோலை வைத்து ஊதினால் அடுப்பு தயார். நீறுபூத்த நெருப்பு என்று சொல்கிறோமே, அது இதுதான்.

அணைப்பதற்கு மனிதனிடம் இருக்கும் முதல் ஆயுதம் தண்ணீர். அது ஈரம் என்பதால் அணைக்கிறது என்று பொதுவாக நினைக்கிறோம். தண்ணீரின் பலம் அது விழுங்கும் வெப்பத்தில் இருக்கிறது. 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் கொதிநிலையை எட்ட 70 கிலோ கலோரி வேண்டும். கொதிக்கும் அந்த நீர் முழுவதும் ஆவியாக மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். விறகின்மேல் விழுந்து ஆவியாகும் ஒவ்வொரு லிட்டரும் இத்தனையையும் திருடிக்கொண்டு போகிறது. திரும்பி வரவேண்டிய சூடு விறகுக்கு வராமல் நீருக்குப் போய்விடுகிறது. ஆவியாகாமல் தரையில் ஓடிப்போகும் தண்ணீர் பெரும்பாலும் வீண். தீயணைப்பு வீரர்கள் குழாய்முனையைத் திருகிச் சில நேரம் தண்ணீரைப் பூந்தூறலாகச் சிதறவிடுவது இதற்காகத்தான். சிறு துளி சீக்கிரம் ஆவியாகும்.

ஆவியாகும்போது தண்ணீர் ஏறக்குறைய 1,700 மடங்கு பெருக்கிறது. விறகுத் தீயில் இது நமக்கு உதவி, ஏனென்றால் நீராவி காற்றை விலக்குகிறது. வாணலியில் எரியும் எண்ணெய்க்கு இதுவே பேரழிவு. சமையல் எண்ணெய் 230 டிகிரியை ஒட்டிப் புகையத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் 350 டிகிரியைத் தாண்டித் தானே பற்றிக்கொள்ளும், தீப்பொறி தேவையில்லை. பதறிப்போய் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினால், எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கும். 100 டிகிரியில் கொதிக்கும் நீர் 350 டிகிரி எண்ணெய்க்குள் மாட்டிக்கொண்டால் என்னவாகும்? கால் லிட்டர் நீர் கண் இமைக்கும் நேரத்தில் 400 லிட்டருக்கு மேல் ஆவியாகி, எண்ணெயைத் துளித்துளியாகச் சிதறடித்துக் கூரைவரை வீசும். ஒவ்வொரு துளியும் எரியும். செய்ய வேண்டியது எளிது: அடுப்பை நிறுத்துங்கள். வாணலியைவிடப் பெரிய தட்டையோ மூடியையோ கேடயமாக முன்னே பிடித்து, பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். முழுதும் ஆறும்வரை திறக்காதீர்கள். திறந்தால் காற்று பட்டு மீண்டும் பற்றும். எரியும் வாணலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவதைப்போல ஆபத்தான செயல் சமையலறையில் வேறில்லை.

தண்ணீர் எண்ணெயில் தோற்பது ஒரு வகை. பஞ்சில் தோற்பது இன்னொரு வகை. 1944 ஏப்ரல் 14, பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் எஸ்.எஸ். ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற சரக்குக் கப்பல் நின்றிருந்தது. உலகப்போர்க் காலம். கப்பலில் 1,400 டன் அளவுக்கு வெடிபொருள். கூடவே கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகள். இரண்டாம் சரக்கறையில் அடியில் பஞ்சும் மேல்தட்டில் வெடிபொருளும் அடுக்கியிருந்தார்கள். மதியத்துக்குப் பிறகு அந்த அறையில் புகை தெரிந்தது. வீரர்கள் குழாய்களை இறக்கி 900 டன்னுக்கு மேல் தண்ணீர் இறைத்தார்கள். தீ எங்கே இருக்கிறது என்று அடர்ந்த புகையில் கண்டுபிடிக்க முடியவில்லை. கப்பலைச் சுற்றிலும் தண்ணீர் கொதிக்கும் அளவுக்குச் சூடு ஏறியது. நான்கு மணி கடந்து சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்துக்குள் இரண்டாவது வெடிப்பு. துறைமுகமும் அதை ஒட்டிய குடியிருப்புகளும் நாசமாயின. எண்ணூறு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். கடைசிவரை குழாயைப் பிடித்து நின்ற தீயணைப்பு வீரர்களில் 66 பேர் மாண்டார்கள். இந்தியா முழுவதும் தீயணைப்பு நிலையங்களில் ஏப்ரல் 14 அன்று நடக்கும் வீரவணக்கம் அவர்களுக்கானது.

அவ்வளவு தண்ணீர் ஏன் போதவில்லை? பஞ்சுப் பொதி இயந்திரத்தால் இறுக்கி அழுத்திக் கட்டப்பட்டது. அதன் உள்ளே பிடித்த தீ சுவாலை விடாது, கனலாக ஊர்ந்துகொண்டே போகும். இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்றே அதற்குப் போதும். பொதி தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். வெளுக்காத பஞ்சின் இழைமேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடும். வெளிப்புறம் நனைந்து சொட்டும்போதும் உள்ளே கனல் பத்திரமாக இருக்கும். நூற்பாலைக் குடோன்களில் தீப்பிடித்தால் பொதிகளை வெளியே இழுத்து, கட்டை அறுத்து, பிரித்துப்போட்டு நனைப்பது இதனால்தான். தண்ணீரில் நீரொட்டும் திரவம் கலந்து அடிப்பதும் உண்டு. வைக்கோற்போர், குப்பைமேடு, பழைய துணிக்கட்டு எல்லாவற்றுக்கும் இதே பாடம்தான். மேலே அணைந்துவிட்டது என்று வீட்டுக்குப் போனவர்களை மறுநாள் காலை மறுபடியும் கூப்பிட வேண்டியிருக்கும்.

கடைகளிலும் அலுவலகங்களிலும் சுவரில் தொங்கும் சிவப்பு உருளையில் பெரும்பாலும் இருப்பது உலர்பொடி. ஏபிசி என்று எழுதியிருந்தால் அதன் முக்கியச் சரக்கு மோனோ அம்மோனியம் பாஸ்பேட். அது தீயை மூடி அணைக்கிறது என்று நினைக்கலாம். அதன் பெரிய வேலை வேறு. சுவாலைக்குள் ஹைட்ரஜன் அணுக்களும் ஹைட்ராக்சில் துண்டுகளும் கணத்துக்குக் கணம் பிறந்து, அடுத்த மூலக்கூறை உடைத்து, இன்னும் துண்டுகளைப் பிறப்பிக்கின்றன. பொடியின் நுண்துகள்கள் இவற்றைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கின்றன; தொடர் அறுந்து சுவாலை விழுகிறது. பல ஆண்டுகள் கணினி அறைகளில் வைத்திருந்த ஹேலான் வாயுவும் இதையே செய்தது. ஆனால் அது ஓசோன் படலத்தைக் கெடுத்ததால் 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தம் அதற்கு முடிவு கட்டியது. கருவியைப் பயன்படுத்தும்போது பின்னை உருவி, சுவாலையின் உச்சியைக் குறிவைக்காமல் அடியைப் பார்த்து இடம் வலமாக வீசிப் பிடிக்க வேண்டும். ஆவி பிறப்பது அடியில். மின்சாதனத் தீக்கு முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அதற்குக் கார்பன் டை ஆக்ஸைடு உருளை நல்லது. அது கறையில்லாமல் காற்றை விலக்கும், ஆனால் கனலைக் குளிர வைக்காது. வாயு கலைந்ததும் காகிதக் குவியல் திரும்பப் புகையலாம்.

ஆக்ஸிஜனைத் தடுப்பது என்ற வழியே சில வகைத் தீயிடம் பலிக்காது. சிவகாசிப் பட்டாசில் இருக்கும் வெடியுப்பு தன்னுள்ளேயே ஆக்ஸிஜனை வைத்திருக்கிறது. பட்டாசை மணலில் புதைத்தாலும் உள்ளே எரியும். மெக்னீசியம் கார்பன் டை ஆக்ஸைடிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு, கரியை மிச்சம் வைத்துவிட்டுத் தொடர்ந்து எரியும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பும். மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரியில் ஒரு செல் அளவுமீறிச் சூடானால், உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாகி எரிகிறது. சூடேறிய ஆக்ஸைடும் ஆக்ஸிஜனை விடுகிறது. அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குப் போகிறது, அதுவும் சூடாகிறது. போர்வை போட்டு மூடினாலும் உள்ளே நடப்பது நிற்காது. செல்லுக்குச் செல் தாவும் வெப்பத்தை எடுத்துக்கொண்டே இருக்க நிறையத் தண்ணீரை நீண்ட நேரம் பாய்ச்சுவதே வழி. அணைந்ததாகத் தெரிந்த பேட்டரி மணிக்கணக்கு கழித்துத் திரும்பப் பற்றியதும் உண்டு. எனவே வண்டியை வீட்டிலிருந்து தள்ளித் திறந்தவெளியில் நிறுத்தச் சொல்கிறார்கள். படுக்கையறையிலோ வெளியேறும் வழியிலோ இரவு முழுதும் சார்ஜ் போடாதீர்கள் என்று நானும் கேட்டுக்கொள்கிறேன்.

அணைக்கவே கூடாத தீ ஒன்றும் இருக்கிறது. வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எல்பிஜி திரவமாக இருக்கிறது. காற்றில் 2 முதல் 9 சதவீதம் வரை அது கலந்திருந்தால் பற்றும். பத்தடிக்குப் பத்தடி சமையலறைக்கு இந்த 2 சதவீதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகக் கசிந்தாலே அறை முழுவதும் அந்த அளவை எட்டிவிடும். காற்றைவிடக் கனமான இந்த வாயு தரையில் தேங்குவதால் அதைவிடக் குறைவே போதும். வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூட வேண்டும். கதவு சன்னல்களைத் திறக்க வேண்டும். விளக்கு, விசிறி எதன் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. சுவிட்சுக்குள் தெறிக்கும் பொறி போதும்.

ஆனால் கசியும் வாயு ஏற்கெனவே வால்வு வாயிலில் பற்றி எரிந்துகொண்டிருந்தால்? அந்தச் சுவாலையை மட்டும் அணைத்துவிட்டால் வாயு நிற்காது. எரியாமல் அறையில் சேரும். பிறகு எங்காவது ஒரு பொறியைத் தொட்டதும் அறை மொத்தமும் வெடிக்கும். எரியும்போது ஒவ்வொரு கிராம் வாயுவும் வெளியே வந்த இடத்திலேயே தீர்ந்துபோகிறது. எனவே வாயுவை அடைக்க முடிந்தால் மட்டுமே தீயை அணைக்க வேண்டும். வால்வைத் தொட முடிகிறதென்றால் ஈரச் சாக்கையோ ஈரத் துண்டையோ கையில் சுற்றிக்கொண்டு மூடலாம். முடியாவிட்டால் எல்லோரையும் வெளியேற்றி 101-ஐ அழைக்க வேண்டும். தீயணைப்பு வண்டி வந்ததும் வீரர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று சிலிண்டரின் உடல்மேல் தண்ணீர் பாய்ச்சுவார்கள். சுவாலையின் சூடு சிலிண்டருக்குத் திரும்பி, உள்ளே அழுத்தம் ஏறி, இரும்பு இளகிப் பிளந்துவிடாதபடி அதைக் குளிர வைத்துக்கொண்டே இருப்பார்கள். வால்வை மூடும் வழி கிடைக்கும்வரை, அல்லது வாயு தீரும்வரை, முனையில் அந்தத் தீ எரியட்டும் என்று விட்டுவிடுவார்கள்.